வெறும் ஓட்டம்

இல்ல தம்பி, அந்த மூடியை இப்பக் கழட்ட வேணாம். மொதல்ல இப்படி உக்காருங்க. துனிஸ்லேருந்து ராவெல்லாம் பஸ்ஸுல வந்திருக்கீங்க, கண்ணைப் பாத்தாலே தெரியுது. டீ கொதிக்குது. ஆமா, லேபுல அடுப்பு மூட்டக் கூடாதுதான். அதனாலதான் கரியடுப்பை ஜன்னலுக்கு வெளிய கட்டையில வச்சிருக்கேன். அடுப்பு வெளிய, நாம உள்ள. சட்டத்துக்கு அது போதும்.

தெரியும், தெரியும். மெஷினைக் கழுவத்தான் வந்திருக்கீங்க. டைரக்டர் லமீன் உங்க ஆஃபீசுக்கு ஃபோன் பண்ணப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். எங்க மெஷின்ல பேய் பூந்திருச்சு, ஒரு வருஷமாப் போக மாட்டேங்குது, தணிக்கைக்காரங்க வர்றதுக்குள்ள யாரையாவது அனுப்புங்கன்னு கெஞ்சினார். ஊசி, வால்வு, குழாய் எல்லாத்தையும் பிரிச்சுக் கழுவிப் பேயை ஓட்டிட்டு, நீங்க சாயங்கால பஸ்ஸைப் பிடிக்கணும். அதானே. இருங்க. கழுவுற விஷயமாத்தான் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். எடுத்த எடுப்புல கேட்டா முடியாதும்பீங்க. கொஞ்சம் பேசிட்டுக் கேக்குறேன். அதுவரைக்கும் அதுல கை வைக்காம இருந்தாப் போதும்.

இந்தாங்க. சர்க்கரை தூக்கலாத்தான் இருக்கும், எங்க தெகாஷ் பக்கம் டீன்னா அப்படித்தான். இந்தப் பேரீச்சம்பழத்தையும் எடுத்துக்குங்க. இந்த வருஷத்து மொத குலை. மிச்சத்துக்கெல்லாம் இன்னும் பிளாஸ்டிக் பையைக் கட்டித் தொங்க விட்டிருக்காங்க, மழை வந்துரும்னு பயம். வர்ற வழியில தோப்பு பூரா பையா தொங்குறதப் பாத்திருப்பீங்களே.

என்னையா? மனூபியான்னு கூப்பிடுங்க. இங்க நான்தான் இலை அரைக்கிறவ. பனியில உறைய வச்ச இலையை அரைக்கிறது, மெத்தனால்ல ஊற வைக்கிறது, வடிகட்டுறது, இந்த ஊசியில ஏத்தி விடுறது. மெஷின் வந்த நாள்லேருந்து இதைத் தொட்டவ நான்தான். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க. கணக்கு, கட்டுரை, அதெல்லாம் மேல மாடியில இருக்கிறவங்க வேலை.

பேய்னதும் நீங்க சிரிச்சீங்க. உங்களுக்கு அது என்னன்னு தெரியும், சிரிக்கிறீங்க. கரைப்பானை மட்டும் வெறும் ஓட்டம் விட்டாத் திரையில கோடு தட்டையாத்தான் வரணும். இலைச்சாறே போடலையே, மேடு எங்கேருந்து எழும்பும். எழும்புச்சுன்னா முன்னால ஓட்டுனதுல ஏதோ உள்ளயே தங்கிப்போச்சு. நம்ம தொழில்ல அதைப் பேய் மேடுன்னு சொல்லிப் பழகிட்டோம். ஆனா எங்க மசூதாவுக்கு அந்த விவரம் தெரியாதே. மசூதான்னா இங்க கூட்டித் தொடைக்கிறவ. டைரக்டர் பேய் பேய்னு கத்துறதக் கேட்டுட்டு, மறுநாள் யாருக்கும் சொல்லாம ஒரு சட்டியில நெருப்புக் கங்கு போட்டு சாம்பிராணியைத் தூவி, மெஷினைச் சுத்திச் சுத்தி வந்திருக்கா. புகை மணி அடிச்சு, மாடியில இருந்தவங்க செருப்புக்கூடப் போடாம எறங்கி ஓடியாந்தாங்க. டைரக்டர் முகம் செவந்து போச்சு. ஏ மசூதா, உனக்கு மூளை இருக்கான்னு கேட்டார். அவ சட்டியை இடுப்புல வச்சிக்கிட்டே, நீங்க போன மாசம் பூரா எதை எதையோ ஊத்திப் பாத்தீங்களே சார், போச்சா, நானும் ஒரு தடவை பாக்குறேன்னா. அவர் ஜன்னலைத் தொறக்கப் போயிட்டார்.

ஊத்தத்தான் செஞ்சாங்க. கரைப்பான் கெட்டுப்போச்சுன்னு புதுப் பாட்டில். பேய் வந்துச்சு. வடிகட்டியை மாத்தினாங்க. வந்துச்சு. மெஷினுக்குள்ள இருக்கிற விளக்கு போயிருச்சோன்னு அதை மாத்தினாங்க. அப்பவும் வந்துச்சு, அதே எடத்துல. டீயை ஊத்தி வச்சு, ஆறவிட்டு, பாதி குடிக்கிற நேரம் ஆகும் பாருங்க, அப்ப எழும்பும். ஒரு நாளும் பிந்துனதில்ல.

இல்ல, உங்க சந்தேகம் புரியுது. கேக்குறதை அப்புறம் கேளுங்க. அதுக்கு முன்னாடி உங்களுக்கு ஷிராஸைத் தெரியணும்.

ஷிராஸ் என் பொண்ணு. ஒரே பொண்ணு. ரசாயனம் படிச்சா, துனிஸ்ல, நல்ல மார்க்கு. படிச்சிட்டு வந்து ரெண்டு வருஷம் இங்கதான் இருந்தா, சம்பளம் கிடையாது. டைரக்டரைக் குத்தம் சொல்ல மாட்டேன். ஒரு இடம் வேணும்னு அவரும் எழுதி எழுதிப் பாத்தார். அடுத்த வருஷம் பாக்கலாம்னு வரும். அடுத்த வருஷமும் அதேதான் வரும். அம்மா சம்பளத்துக்கு இலை அரைக்கிறா, பொண்ணு சும்மா வந்து ஆராய்ச்சி பண்றா. ஊர்ல கேப்பாங்க, ஏன் மனூபியா, இதுக்கு அவ பத்தாவதோட நின்னிருந்தா இந்நேரம் உனக்குப் பேரப்பிள்ளை இருக்குமேன்னு. அவ அதுக்கும் ஒரு பதில் வச்சிருப்பா. உங்க பேரனுக்கு வேலை கெடைக்கிறதுக்குள்ள நான் ஓய்வு பெத்துருவேன் சித்தின்னுவா.

நாக்கு அப்படி. நான் இலையை அரைக்கிறதப் பாத்துட்டு, அம்மா, மெதுவா, இந்த இலைக்கு வாய் இருந்தா உன் மேல கேஸ் போட்டிருக்கும்னுவா. நீ வா, நீ அரைன்னு குடுத்தா, எனக்குப் படிச்ச கைம்மான்னு ரெண்டு கையையும் தூக்கிக் காட்டுவா. உள்ளங்கையெல்லாம் முள்ளு குத்துன தழும்பு. மரம் ஏறினது அவளேதான் தம்பி. அவளுக்காக யாரும் இலை பறிச்சுக் கொண்டாந்து குடுக்கல. மொபெட்டுல ஐஸ் பெட்டியைக் கட்டிக்கிட்டு, உப்பு வெளி ஓரமா கைவிட்ட தோப்பு இருக்குல்ல, அங்க போவா. கிணத்துத் தண்ணியெல்லாம் உப்பாப்போயி, சொந்தக்காரங்க விட்டுட்டுப் போன தோப்பு. மத்த மரமெல்லாம் மொட்டையா நிக்கும், ஒண்ணு ரெண்டு மட்டும் பச்சையா இருக்கும். அது எப்படி நிக்குதுன்னு பாக்கணும் அவளுக்கு.

இந்த மெஷினைப் பத்தி மசூதாவுக்கு அவ சொல்லிக் குடுத்ததை நீங்க கேட்டிருக்கணும். அத்தை, ஒரு கல்யாணக் கூட்டத்தைக் கொண்டுபோய் சந்தைத் தெருவுக்குள்ள விட்டா என்ன ஆகும்னா. மசூதா, ஜேப்படிக்காரன் வருவான்னா. அது சரி, கூட்டம் என்ன ஆகும்? வேலையத்த பசங்க ஒரு கடையிலயும் நிக்க மாட்டாங்க, கையில காசு இல்ல, விறுவிறுன்னு அந்தப் பக்கம் போய் நிப்பாங்க. கிழவனுங்க டீக்கடையில ஒரு நிமிஷம் நிப்பாங்க. நீ இருக்கியே அத்தை, ஒவ்வொரு கடையிலயும் துணியைத் தடவி, வெலையைக் கேட்டு, கடைக்காரனைத் திட்டி, ஒண்ணும் வாங்காம எல்லாருக்கும் கடைசியா வந்து சேருவ. உள்ள போறப்ப ஒரே கூட்டம், வெளிய வர்றப்பத் தனித்தனி ஆளு. இந்தக் குழாய்தான் தெரு. தெரு முனையில ஒரு விளக்கை வச்சிக்கிட்டு, யார் எப்ப வர்றா, எத்தனை பேர் வர்றான்னு பாக்குறதுதான் இந்த மெஷினோட வேலை. அவ்வளவுதான்னா. மசூதா யோசிச்சிட்டு, இதுக்கா இவ்வளவு பெரிய கரண்டு பில்லுன்னு கேட்டா.

இலைக்குள்ள இருக்கிற ஹார்மோனும் அப்படித்தானே வருது. துளிர் விடச் சொல்றது மொதல்ல வந்துரும். அப்புறம் தண்டை நீட்டி விடுறது. அப்புறம் வெளிச்சத்துப் பக்கமா வளைக்கிறது. எல்லாம் போன பிறகு, இனி ஒண்ணும் இல்லபோலன்னு நினைக்கிறப்ப, கடைசியா ஒண்ணு வரும். சீசாவுல அப்சிசிக் அமிலம்னு எழுதியிருக்கும். நானும் ஷிராஸும் அதைத் தாகம்னு சொல்லுவோம். தாகம் வந்துருச்சாம்மா? இன்னும் இல்லடி. வேர்ல உப்பு ஏறி, தண்ணி இருந்தும் குடிக்க முடியாமப் போறப்ப மரம் அதைத்தான் சுரக்கும். சுரந்ததும் இலையில இருக்கிற துளையெல்லாம் மூடிக்கும். வளராது. ஆனா சாகாது. அந்தப் பச்சை மரங்கள்ல அதுதான் ஏராளமா இருந்துச்சு. பாத்தியாம்மா, பாத்தியான்னு என் தோளைப் போட்டு உலுக்குவா.

குடிங்க, ஆறிப்போகுது.

போன வருஷக் கோடையில அவ பேச்சைக் குறைச்சிக்கிட்டா. நான் வெயில்னு நினைச்சேன். சாப்பிடுவா, லேபுக்கு வருவா, கேட்டதுக்குப் பதில் சொல்லுவா. மசூதாகூடக் கேட்டா, ஏண்டி, உன் நாக்கை ஐஸ் பெட்டியில வச்சிட்டியான்னு. சிரிச்சா, அவ்வளவுதான். அப்புறம் இதே அறுப்புக் காலம். ஒரு சனிக்கிழமை, தோஸூர்ல கூடப் படிச்சவளுக்கு நிச்சயதார்த்தம், ராத்திரி தங்கிட்டு வருவேன்னு சொன்னா. நல்ல சட்டையாப் போட்டிருந்தா. காலைப் பாக்குறேன், ஓடுற ஷூ. நிச்சயத்துக்கு இதையாடி போட்டுப் போறேன்னேன். ஆடுறதுக்கு இதுதாம்மா வசதின்னா. நானும் சரின்னுட்டேன். விடியறதுக்கு முன்னாடியே கெளம்பினா. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஃபோன் போகல.

திங்கட்கிழமை நான் வேலைக்கு வந்தேன். வராம என்ன பண்றது, சார்ஜ் தீந்திருக்கும்னு நினைச்சிக்கிட்டே வந்தேன். வந்ததும் எப்பவும்போல வெறும் ஓட்டத்தை விட்டேன். காலைல மொதல்ல அதானே. கோடு போகுது. நீங்க எங்க உப்பு வெளியைப் பாத்திருக்கீங்களா? ரோட்டுலேருந்து பாத்திருப்பீங்க. கண்ணுக்கு எட்டுற வரைக்கும் தட்டை, ஒரு கல்லுகூட இருக்காது. அதே மாதிரி கோடு. துளிர் வர்ற எடம், ஒண்ணும் இல்ல. தண்டு வர்ற எடம், ஒண்ணும் இல்ல. வெளிச்சம், இல்ல. சரி, சுத்தமாத்தான் இருக்குன்னு நான் டம்ளரைக் கையில எடுக்குறேன். தூரத்துல உப்பு மேல ஒரு ஆளு நடந்து வந்தா மொதல்ல ஒரு புள்ளி தெரியும், அப்புறம் நீளும், இல்லையா? அப்படிக் கோடு எழும்புச்சு. எழும்பி, ஒசந்து நின்னு, எறங்கிருச்சு. அது மட்டும்தான். வேற ஒண்ணுமே இல்ல. தாகம் மட்டும்.

உங்களுக்கு இப்பவே புரிஞ்சிருக்கும். எனக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு. வெள்ளிக்கிழமை நான்தான் மெஷினை அலசி மூடிட்டுப் போனேன். அதுக்கப்புறம் யாரோ வந்து இலைச்சாறை ஏத்தியிருக்காங்க. ஏத்தி, மத்ததெல்லாம் வெளிய வர்ற வரைக்கும் உக்காந்திருந்திருக்காங்க. கடைசி ஆளு வர்றதுக்குள்ள நிறுத்திட்டு எந்திரிச்சுப் போயிருக்காங்க. அவன் ரெண்டு நாளாக் குழாய்க்குள்ளயே நின்னு, நான் கரைப்பானை விட்டதும் தனியா வெளிய வர்றான். கம்ப்யூட்டர்ல அப்படி ஒரு ஓட்டமே இல்ல. ஆனா சாவி அவகிட்டயும் ஒண்ணு இருந்துச்சு.

பாதி ஓட்டத்துல எந்திரிக்கிற ஆளே இல்ல தம்பி அவ. நான் எந்திரிச்சாத் திட்டுவா. அம்மா, ஓட்டம் முடியாமப் போகாத, கடைசி ஆளைத் தெருவுல விட்டுட்டுப் போனா அவன் அடுத்தவங்க கணக்குல வந்து நிப்பான்னுவா. அப்படிப்பட்டவ அன்னைக்கு விடியல்ல போற வழியில இங்க வந்து, அந்தப் பச்சை மரத்து இலையை இன்னொரு தடவை பாக்கணும்னு உக்காந்திருக்கா. கேட்டுக்கு வெளிய லுவாஜ்காரன், ஷேர் டாக்ஸிக்காரன், ஹாரன் அடிச்சிருப்பான். எட்டுப் பேரை ஏத்திக்கிட்டு ஒருத்திக்காக எவ்வளவு நேரம் நிப்பான். எந்திரிச்சுட்டா.

செவ்வாய்க்கிழமை அந்த நிச்சயதார்த்தக்காரப் பொண்ணே வீட்டுக்கு வந்துச்சு. நிச்சயமும் இல்ல ஒண்ணும் இல்ல. கடலோரத்து ஸார்ஸிஸ்லேருந்து திருட்டுப் படகு, இத்தாலிக்கு. ஞாயித்துக்கிழமை ராத்திரியே கெளம்பிட்டாங்களாம் சித்தி, போய்ச் சேந்ததும் பேசுறேன்னு சொன்னா, உங்ககிட்ட அதுக்கப்புறம் சொல்லச் சொன்னான்னு அழுதுச்சு. நான் அதை அடிக்கக்கூட இல்ல. கடலே இல்லாத ஊர்ல பொறந்தவ தம்பி. தண்ணின்னா அவளுக்கு வாய்க்கால்தான் தெரியும். முழங்கால் ஆழம்.

பேசல. யாருமே பேசல, அந்தப் படகுல போன ஒருத்தரும். நல்லாப் போய்ச் சேந்தவங்க ரெண்டாம் நாளே படம் எடுத்து அனுப்புவாங்க, உங்களுக்கும் தெரிஞ்ச பசங்க இருப்பாங்களே. மசூதா சொல்லுவா, சிறையில வச்சிருப்பாங்க, அங்க ஃபோனைப் பிடுங்கிருவாங்க, வெளிய விட்டதும் பேசுவான்னு. சரிம்பேன். காலைல வருவேன், வெறும் ஓட்டம் விடுவேன், டீயை ஊத்திக்கிட்டு உக்காருவேன். கோடு தட்டையாப் போகும். அந்த நேரம் வந்ததும் எழும்பும். அவ எங்கயோ இருக்கான்னு பட்டுச்சு. பைத்தியம் இல்ல நான், அது ஒரு அமிலம்னு எனக்குத் தெரியும். ஆனா கதவைத் தட்டிட்டு அம்மா தாகம் வந்துருச்சான்னு கேட்டுக்கிட்டே உள்ள வருவாளே, அந்த மாதிரி இருக்கும். நான் தனியா உக்காந்து, வந்துருச்சுடின்னுவேன். ஒரு நாள் டைரக்டர் கதவுல நிக்கிறது தெரியாமச் சொல்லிட்டேன். அவர் அப்படியே திரும்பிப் போயிட்டார். மறுநாள் காலைலேருந்து மெஷினைச் சுத்தம் பண்ண ஆரம்பிச்சிட்டார். எனக்கு நல்லது பண்றதா நினைச்சார்போல.

ஆமா. ஒரு வருஷமா எப்படி நிக்குதுன்னு நீங்க கேப்பீங்கன்னு இருந்தேன்.

சரியாத்தான் கேக்குறீங்க. ஊசி முனையில ஒட்டினது, வால்வு சந்துல ஒட்டினது, நாலு ஓட்டம், அஞ்சு ஓட்டம், மிஞ்சிப்போனா ஒரு வாரம் வரும். வரவரக் குறையும். அப்புறம் போயிரும். எந்தப் பேயும் ஒரு வருஷம் ஒரே ஒசரத்துக்கு எழும்பாது. டைரக்டருக்குத் தெரியணும் அது, அவர் நல்லா இருக்கணும், அவருக்கு இலையை மட்டும்தான் தெரியும், மெஷின் தெரியாது. நீங்க வந்து முந்தின ஓட்டத்தையெல்லாம் திரையில புரட்டிப் பாத்தப்பவே உங்க புருவம் ஏறுச்சு. நான் அதனாலதான் டீயை எடுக்கப் போனேன்.

ரெண்டாவது வாரத்துலயே குறைஞ்சிருச்சு. ஆள் போய், புள்ளி ஆயிருச்சு. ஒரு காலைல கோடு தட்டையாவே போய் முடிஞ்சிருச்சு. டீ அப்படியே இருக்கு, நான் திரையைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கேன். அப்புறம் எந்திரிச்சு, உறைபெட்டியைத் தொறந்தேன். அவ ஊற வச்சு வடிகட்டின சாறு, பழுப்புச் சீசாவுல, அடித்தட்டுல இருந்துச்சு. அவ கையெழுத்துல தோப்பு பேரு. ஊசி முனையை அதுல ஒரு தடவை தொட்டு எடுத்தேன். கரைப்பான்ல விட்டேன்.

தெனமும். ஒரு தொடல்.

இல்ல தம்பி, விவசாயிங்க சாம்பிள்ல ஒரு தப்பும் வரல. அதுக்கு முன்னாடி நல்லா அலசிருவேன், நீங்க வேணும்னா ஒவ்வொண்ணா எடுத்துப் பாருங்க. அவங்க மரத்துக்கும் எனக்கும் என்ன பகை. காலைல மொத ஓட்டம் மட்டும்தான். அது ஒண்ணு மட்டும் எனக்கு. புதுக் கரைப்பான் வாங்கினாங்க, வடிகட்டி வாங்கினாங்க, விளக்கு வாங்கினாங்க, எல்லாத்தையும் பாத்துக்கிட்டு வாயை மூடிக்கிட்டு நின்னேன். மசூதா சாம்பிராணி போட்டப்பக்கூட. அவ மட்டும் என் மூஞ்சியை ஒரு மாதிரி பாத்தா. தெரிஞ்சிருக்கும்போல, கேக்கல.

நீங்க டைரக்டர்கிட்ட என்ன எழுதிக் குடுக்கணுமோ எழுதிக் குடுங்க. நான் தடுக்கல. கழுவக் கூடாதுன்னு கேக்கப் போறேன்னுதானே இவ்வளவு நேரமும் நினைச்சிக்கிட்டு இருக்கீங்க? போன வாரம் வந்திருந்தீங்கன்னா அதைத்தான் கேட்டிருப்பேன். காலைப் பிடிச்சுக் கேட்டிருப்பேன்.

வசந்த காலத்துல ஸார்ஸிஸ்லேருந்து ஆள் வந்து, கன்னத்துக்குள்ள பஞ்சை வச்சு எச்சில் எடுத்துட்டுப் போனாங்க. பிள்ளையைக் காணாத அம்மாக்கள்கிட்டயெல்லாம் எடுத்தாங்க. அந்த ஊர்க் கரையில ஒதுங்கினவங்களை அங்கயே அடக்கம் பண்ணி, பேரு தெரியாததால தலைமாட்டுல எண் எழுதி வச்சிருக்காங்க. ஒவ்வொருத்தர்கிட்டேருந்தும் கொஞ்சம் எடுத்து வச்சிட்டுத்தான் மண்ணைப் போட்டிருக்காங்க. பஞ்சு எடுக்க வந்த பொண்ணு எனக்கு அதை விளக்கிச் சொல்ல ஆரம்பிச்சுது. வேணாம்மா, எனக்குத் தெரியும்னேன். நாம தெனம் பண்றதுதானே. தெரிஞ்சதை ஒரு ஓட்டம் விட்டு, தெரியாததை ஒரு ஓட்டம் விட்டு, ரெண்டும் ஒரே எடத்துல எழும்புதான்னு பாக்குறது. இதுல தெரிஞ்சது நான்.

நேத்து மத்தியானம் அந்தப் பொண்ணுகிட்டேருந்து ஃபோன் வந்துச்சு. பொருந்துதாம்.

இல்ல, எந்திரிக்காதீங்க. உக்காருங்க. ஒண்ணும் சொல்ல வேணாம், தெரியாத ஆளுங்க என்ன சொல்லுவாங்க இதுக்கு. கதவுக்குப் பின்னாடி பை இருக்கு பாருங்க, சாயங்கால வண்டியில நானும் மசூதாவும் போறோம். மேலதிகாரிங்க யாருக்கும் இன்னும் சொல்லல. டைரக்டர் அழுதுருவார், அப்புறம் அவரைத் தேத்துறதே வேலையாப் போகும்.

எல்லாம் முறையாத்தான் பண்ணியிருக்காங்க, அந்த ஊர்க்காரங்களை ஒரு வார்த்தை சொல்லிரக்கூடாது. தொழுகை வச்சிருக்காங்க. வெள்ளைத் துணி போட்டிருக்காங்க. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், குளிப்பாட்டினீங்களான்னு. அந்தப் பொண்ணு மெதுவா, ரொம்ப நாள் தண்ணியில இருந்துட்டாங்கம்மா, தொட முடியல, அப்படியேதான் சுத்தினோம்னு சொல்லுச்சு. பாவம், அதுக்கும் என் பொண்ணு வயசுதான் இருக்கும். என் மாமியாரை நான்தான் குளிப்பாட்டினேன். எங்க அம்மாவை நான்தான். தெருவுல யார் வீட்டுல பொம்பள இறந்தாலும் மனூபியாவைக் கூப்பிடுன்னுதான் ஆள் வரும். மண்ணைத் தோண்டியா இனி குளிப்பாட்ட முடியும்.

சீசாவுல மிச்சம் இருந்ததைக் காலைல ஏத்திட்டேன். முழுசா. ஏத்தி, பாதியில நிறுத்திட்டேன், அவ செஞ்ச மாதிரியே. இப்ப உள்ளதான் நிக்கிறா.

உங்க பெட்டியில என்னென்ன வச்சிருக்கீங்க? மொதல்ல வெதுவெதுன்னு தண்ணி. அப்புறம் மெத்தனால். அப்புறம் அந்த மூணாவது சீசா. மூணு தடவை. நம்ம குளிப்பாட்டுற முறையிலயும் மூணுதான் தம்பி, சரியாத்தான் இருக்கு. எந்தத் திருகை மொதல்ல கழட்டணும், எந்தப் பக்கம் திருப்பணும், எவ்வளவு மெதுவா விடணும், அதை மட்டும் சொல்லிக் குடுங்க. கையுறை அந்தத் தட்டுல இருக்கு, எடுத்துக் குடுங்க. சொல்லிட்டு நீங்க வெளிய போய் நில்லுங்க, மசூதாவை உள்ள வரச் சொல்லுங்க. கோவிச்சுக்காதீங்க. பொம்பளப் பிள்ளையப் பொம்பளதான் குளிப்பாட்டணும்.